கட்டிலருகே தமிழ்

(தெல்தோட்டையில் நடைபெற்ற பொதுக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



அரசியற் கூட்டமென்று அறிவித்துவிட்டு ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மொழியுரிமை என்றதும் நமக்குக் கச்சேரியும் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமுமே நினைவுக்கு வருகின்றன. படிவம் தமிழில் வரவில்லை, பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழை என்று முறையிடுகிறோம். முறையிட வேண்டியவைதாம். ஆயினும் பெயர்ப்பலகைப் பிழையால் எவரும் மாண்டதாக நான் கேள்விப்படவில்லை. உயிர் ஊசலாடும் இடமொன்றுண்டு. வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவே அது. அங்கே நோயாளியின் மொழி என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்த மலையிலே ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டினால், முன்னர் தோட்டத்து லொறியைத் தேடி ஓட வேண்டும். 2016ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட ‘சுவ செரிய’ அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வண்டி வருகிறது. கலஹா வழியாக வளைந்து வளைந்து இறங்கிப் பேராதனைக்கோ கண்டிக்கோ கொண்டு சேர்க்கிறார்கள். நோயாளியை உள்ளே எடுத்துச் சென்றதும் கதவு சாத்தப்படுகிறது. வெளியே மனைவி மக்கள். உள்ளே இயந்திரங்கள். அவற்றினிடையே ஒரு தாதி.

தீவிர சிகிச்சை என்றால் இயந்திரம் என்று நாம் நினைக்கிறோம். அதன் பிறப்பைப் பாருங்கள். 1952இல் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகளைக் காக்கப் போதிய இயந்திரங்கள் இல்லை. பியோன் இப்சென் என்ற மயக்கமருந்து வைத்தியர், தொண்டையிலே துளையிட்டுக் குழாய் பொருத்தி, காற்றுப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக வாரக்கணக்கில் அப்பையை அழுத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்தே மறு ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு உருவாயிற்று. அதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன், 1854இல், துருக்கியிலே காயப்பட்ட போர்வீரரிடையே புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் விளக்கேந்தி நடந்ததையும் நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டிலும் நோயாளியைக் காத்தது, கட்டிலை விட்டு அகலாத மனிதரின் கையும் கண்ணுமே.

இன்றும் வேலை அதுதான். டொக்டர் வந்து பார்த்துக் கட்டளையிட்டுச் செல்கிறார். இருபத்துநான்கு மணிநேரமும் நிற்பவர் தாதி. சுவாச இயந்திரத்திற் கிடப்பவருக்குத் தாதி ஒருவர் தனியாக வேண்டும் என்பது பல நாடுகள் ஒப்புக்கொண்ட நியமம். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். வாயைச் சுத்தப்படுத்த வேண்டும். நுரையீரலிற் கிருமி சேராதிருக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தை முப்பது பாகைக்கேனும் உயர்த்தி வைக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் உடலைப் புரட்டிக் கிடத்த வேண்டும். சிறுநீர் மணிக்கு எவ்வளவு என்று அளந்தெழுத வேண்டும். ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொடலாகாது. இவற்றிலொன்று தவறினாலும் விலையுயர்ந்த மருந்து வீணாகும்.

இவ்வளவும் பேச்சின்றி நடக்கலாம். பேச்சின்றி நடக்க முடியாதது ஒன்றுண்டு. நோயாளியின் அறிவு தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பது.

1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனற் என்ற இரு வைத்தியர்கள் இதற்கோர் அளவுகோல் வகுத்தார்கள். கண் திறப்பதற்கு நான்கு புள்ளி வரை, பேச்சுக்கு ஐந்து வரை, அசைவுக்கு ஆறு வரை, மொத்தம் பதினைந்து. “கையைத் தூக்குங்கள்” என்றதும் தூக்கினால் அசைவுக்கு ஆறு. சொல்லுக்கு இணங்காமல், வலிக்கும் இடத்திற் கைவைத்துத் தடுத்தால் ஐந்து. “இது எந்த இடம்? என்ன மாதம்?” என்பதற்குச் சரியாக விடையளித்தால் பேச்சுக்கு ஐந்து, பொருளற்ற ஒலி மட்டுமென்றால் இரண்டு. மொத்தம் எட்டுக்கோ அதற்குக் கீழோ இறங்கினால் தொண்டையிற் குழாய் இடவேண்டுமா என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

இப்பொழுது லயத்திலிருந்து போன எழுபது வயதுத் தாயொருவரை அக்கட்டிலிற் கிடத்துங்கள். கேள்வி சிங்களத்தில் வருகிறது. கடைவீதியில் அரிசி வாங்குவதற்குப் போதுமான சிங்களம் அவரிடம் உண்டு. காய்ச்சல் மூளையைக் கலக்கும்போது அது கைவிட்டுப் போகும், தாய்மொழியே எஞ்சும். அவர் தமிழில் முனகுவது தாதியின் காதில் வெற்றொலியாக விழுகிறது. அறிவு தெளிந்தவருக்கும் புள்ளி குறைகிறது. அறிவு மங்குபவரின் மங்கலோ, மொழி தெரியாமையென்று கருதப்பட்டு விடுபட்டுப் போகிறது. அனுபவமுள்ள தாதி ஐயுற்று யாரையாவது கூப்பிடுவார் என்பது உண்மை. இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? கூட்டித் துடைக்கும் தொழிலாளியையா? பக்கத்து நோயாளியின் மருமகனையா?

நம் அயலிலே கண்டறியப்பட்ட உண்மையொன்றைச் சொல்கிறேன். விவசாயிகள் கவனித்துக் கேட்க வேண்டும். பூச்சிமருந்து உடலிற் சேர்ந்தவருக்கு முதல் நாள் வாயிலும் நெஞ்சிலும் நீர் சுரந்து மூச்சு அடைக்கும். அதற்கு அத்திரோப்பின் ஏற்றுவார்கள். நெஞ்சு காய்கிறதா, நாடி எவ்வளவு, கண்மணி விரிகிறதா என்று தாதி இடைவிடாமற் பார்ப்பார். ஆள் தேறிவிட்டார் என்று வீட்டாரும் ஆறுதலடைவார்கள். ஆனால் ஒருநாள் முதல் நான்கு நாளுக்குள் மறுபடியும் தசைகள் சோர்ந்து மூச்சு நிற்கும் ஆபத்து உண்டு. பேராதனையைச் சேர்ந்த நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இரு வைத்தியர்கள் பத்து நோயாளிகளிடம் இதனைக் கண்டு 1987இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் படிக்கும் பாடம் அது. கண்டி மண்ணிற் பிறந்த அறிவு என்று நாம் பெருமை கொள்ளலாம்.

அந்த இரண்டாவது ஆபத்தின் முன்னறிகுறி என்ன? கழுத்துத் தசை தளர்வது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற் போவது. அதைக் கண்டுபிடிக்க வழி மிக எளிது: “தலையைத் தூக்குங்கள் பார்க்கலாம்” என்று கேட்பதுதான். பிள்ளைக்கும் விளங்கும் மூன்று சொற்கள். தூக்கினால் ஆறுதல், தூக்காவிட்டால் சுவாச இயந்திரத்தை அருகிற் கொண்டுவர வேண்டும். கேட்கப்பட்டது விளங்காமல் ஒருவர் தலையைத் தூக்காதிருந்தால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சட்டம் படித்தவன் சட்டத்தைச் சொல்லாமல் இறங்கக் கூடாது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்றது. 1988இன் பதினாறாவது திருத்தத்தின்படி அமைந்த 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழிலே தொடர்புகொண்டு மறுமொழி பெறும் உரிமையைத் தருகிறது. தமிழ் நிருவாக மொழியாகவுள்ள இடத்திற் சிங்களவருக்கும் அவ்வுரிமை உண்டு. மட்டக்களப்பு வைத்தியசாலையிற் கிடக்கும் சிங்களக் கமக்காரனுக்காகவும் நாம் இதையே கேட்கிறோம். அரசாங்க வைத்தியசாலையின் தாதியும் அரச அலுவலரே. நீதிமன்றத்தின் மொழி விளங்காத வழக்காளிக்கு அரசு தன் செலவில் மொழிபெயர்ப்பு அளிக்க வேண்டுமென்கிறது 24ஆம் உறுப்புரை. ஒரு மரத்தை வெட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குள்ள அந்த ஏற்பாடு, மூச்சுக்குப் போராடுபவனுக்கு ஏன் இருக்கக் கூடாது? சத்திரசிகிச்சைக்குச் சம்மதமென்று பெருவிரல் அடையாளம் வாங்குகிறார்கள். விளங்காத தாளில் வைத்த விரல், சட்டத்தின் கண்ணிற் சம்மதமாகாது.

மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று கேட்கும் அறிவாளிகள் நம்மவரிலேயே உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழிற் பாடஞ்சொல்லித் தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். அவரது ‘இரண வைத்தியம்’ வெளிவந்தது 1867இல். இங்கே பக்கத்திலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே ஆண்டில்தான். தேயிலை மலையெங்கும் பரவிற்று. தமிழ் மருத்துவம் மானிப்பாயை விட்டு மலையேறவில்லை.

சிங்களத் தாதியர்மீது குறைகூற இங்கு நான் வரவில்லை. நம்மிற் பலர் இன்று உயிரோடிருப்பது அவர்களாலே. ஆளுக்கொரு நோயாளி என்ற நியமத்தை மீறி இரண்டு மூன்று பேரைச் சுமக்கும் இரவுகளிலும் அவர்கள் முகஞ்சுளிப்பதில்லை. குறை நம் பக்கத்திலும் இருக்கிறது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவிற் சித்தி கேட்கப்பட்டு வந்தது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் அப்பிரிவு உள்ளவை சிலவே. அதைக் கேட்டுப் போராடுவதைவிடக் கட்டிடத் திறப்பு விழாவுக்கு மாலை வாங்குவதிலே நமக்கு ஊக்கம் அதிகம். படித்த பெண்ணையும், இரவு வேலை, பிறர் உடம்பைத் தொடும் வேலை என்று சொல்லித் தடுக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களே, தம் வீட்டில் நோய் வந்ததும், “உள்ளே தமிழ் தெரிந்த நர்ஸ் பிள்ளை இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள்.

அந்தப் பிள்ளை பயின்று வருவதற்கு ஆண்டுகள் செல்லும். அதுவரை செய்யக்கூடியது சிறியது. “வலிக்கிறதா?”, “கண்ணைத் திறவுங்கள்”, “கையை அழுத்துங்கள்”, “தலையைத் தூக்குங்கள்”, “நீங்கள் வைத்தியசாலையில் இருக்கிறீர்கள்”, “உங்கள் மகன் வெளியே நிற்கிறார்” என்று ஒரு பன்னிரண்டு வாக்கியங்கள். அவற்றின் தமிழ் ஒலியைச் சிங்கள எழுத்திற் பெரிதாக அச்சிட்டு ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் தொங்கவிடலாம். கடைசி இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்தேன். தீவிர சிகிச்சையிற் கிடப்பவர் இரவு பகல் தெரியாமற் சித்தம் கலங்குவது வழக்கம். இடத்தையும் நாளையும் உறவையும் திரும்பத் திரும்பச் சொல்லித் தெளிவிப்பது தாதியரின் பாடத்திலேயே உள்ள சிகிச்சை.

வாக்கியங்களை எழுதி வைத்திருக்கிறோம். சிங்களத்தில் நன்றாக எழுதக்கூடிய ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கருகே வந்தால், இன்றிரவே சரிபார்த்து அச்சுக்குக் கொடுத்துவிடலாம். மொழிபெயர்ப்பாளர் நியமனம் கோரி மாகாண சுகாதார அதிகாரிகளுக்கு அனுப்பும் விண்ணப்பம் வாசலிலுள்ள மேசையில் இருக்கிறது. கையொப்பமிடுவோர் முழுவதையும் வாசித்துவிட்டு இடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் படித்துக் காட்டுங்கள். அந்தத் தாள் தமிழில்தான் இருக்கிறது.