புகையைக் கண்டால் காரணத்தைத் தேடுவோம்

(தோட்டப்புறச் சாரதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாட்சம்பளம், காணி, வீடு என்றுதான் எங்கள் மேடைகளில் வழக்கமாகப் பேசுவோம். இன்று என்ஜினைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் வயிற்றுப் பிரச்சினைதான். அம்மாவோ அப்பாவோ ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் வாங்கிய ஆட்டோவும், லீசிங்கில் எடுத்த பழைய வானும்தான் இன்று பல லயங்களில் அடுப்பை எரிய வைக்கின்றன. நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அந்த வண்டிதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. திறந்தும் என்ன, புது வண்டியின் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே கையிலிருக்கும் பழைய வண்டியைக் காப்பாற்றுவதுதான் வழி.

முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவரின் ஆட்டோ மூன்று பேரை ஏற்றினால் மேடு ஏற மறுத்தது. கறுப்புப் புகை வேறு. காபன் பிடித்துவிட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். நாங்களும் சீட்டுக் காசைச் சேர்த்துக் கொடுத்தோம். சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு வண்டி நன்றாக ஓடியது. இரண்டே மாதத்தில் பழைய புகை திரும்பி வந்தது. கடைசியில் வயதான சாரதி ஒருவர் எயார் பில்டரைக் கழற்றிக் காட்டினார். தோட்டத்துப் பாதையின் தூசி முழுவதும் அதற்குள்ளே இருந்தது. காபனைச் சுரண்டினோமே தவிர, அது ஏன் வந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

காபன் என்பது என்ன? உங்கள் வீட்டு அடுப்பைப் பாருங்கள். ஈர விறகை வைத்தாலும், காற்றுப் போகாமல் விறகை அடைத்தாலும் புகை எழும்பும், சட்டியின் அடியில் கரி பிடிக்கும். என்ஜினுக்குள்ளும் இதுவே நடக்கிறது. பெற்றோல் முழுதாக எரியாவிட்டாலோ, ஒயில் மேலே ஏறி எரிந்தாலோ பிஸ்டன் தலையிலும் வால்விலும் பிளக்கிலும் கரி படிகிறது. கரி படிந்த வால்வு சரியாக மூடாது, அதனால் இழுவை குறையும். சூடேறிய கரி கங்கு போல் சிவந்து, நேரத்துக்கு முன்னரே பெற்றோலைப் பற்றவைக்கும். மேடு ஏறும்போது என்ஜின் தட்டும் சத்தம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரிங்குகள் இருக்கும் பள்ளத்தில் கரி இறுகினால் ரிங் அசையாது. ஒயில் இன்னும் அதிகமாக மேலே ஏறும், கரியும் இன்னும் கூடும்.

மலைநாட்டில் இந்தத் தொல்லை கூடுதல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கொழும்பில் சரிசெய்த காபரேட்டரோடு மேலே வந்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் மிஞ்சும், புகை கறுக்கும். அதோடு நம் ஓட்டம் பெரும்பாலும் குளிரில், பாடசாலைக்கும் கடைக்கும் போய்வரும் சின்ன ஓட்டம். என்ஜின் சூடாகும் முன்னரே நிறுத்திவிடுகிறோம். சோக்கை இழுத்தவர்கள் அதைத் திரும்பத் தள்ள மறந்துவிடுவதும் உண்டு.

காரணத்தைப் புகையின் நிறமே ஓரளவு காட்டித் தரும். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. தண்ணீரால் குளிரும் என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெற்றோல் வண்டியின் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெளிறிய மண்ணிறமாக இருந்தால் நல்லது. காய்ந்த கரியாக இருந்தால் பில்டர், சோக், காபரேட்டர் என்று தேடுங்கள். ஈரமாக, ஒயில் படிந்த கரியாக இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை இவை:

வாரத்துக்கு ஒரு முறை ஒயில் அளவைப் பாருங்கள். கம்பனி புத்தகம் சொல்லும் தூரத்தைத் தாண்டவிடாமல் மாற்றுங்கள்.

தூசிப் பாதையில் ஓடுபவர்கள் எயார் பில்டரை அடிக்கடி திறந்து பாருங்கள்.

மேட்டில் என்ஜின் திணறும்வரை மேல் கியரில் இழுக்காதீர்கள். நேரத்தோடு கியரைக் குறையுங்கள்.

92 ஒக்டேன் போதுமென்று சொல்லப்பட்ட வண்டிக்கு 95 அடித்தால் காபன் கழுவிப்போகும் என்று நம்ப வேண்டாம். ஒக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் அளவு மட்டுமே. போத்தலில் விற்கும் மருந்தும் தேய்ந்த ரிங்கைக் குணப்படுத்தாது. மண்ணெண்ணெய் கலந்தால் தட்டலும் கரியும் இரண்டுமே கூடும்.

ஹெட்டைக் கழற்றச் சொன்னால், முதலில் கொம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். செலவை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

வருடாந்த உத்தரவுப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மட்டும் காபரேட்டரைத் திருகிவிட்டு மறுநாள் பழையபடி ஓட்டினால், அந்தப் புகையைக் குடிப்பது நம் லயத்துப் பிள்ளைகள்தான். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, ஆளையே கொன்றுவிடும். பழைய ஒயிலை ஓடையில் ஊற்றாதீர்கள். கீழ் டிவிஷனில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கடைசியாக, தோட்டத்து லொறி. கொழுந்தோடு சில இடங்களில் ஆட்களையும் அதில் ஏற்றுகிறார்கள். அதன் புகையும் நிலையும் தொழிலாளரின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டவை. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு மேட்டில் திணறும் லொறியைக் கண்டால் வண்டி இலக்கம், திகதி, இடம் மூன்றையும் குறித்துத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் நிர்வாகம் கேட்டுவிட்டு மறந்துவிடும். எழுத்தில் இருந்தால் அடுத்த பேச்சுவார்த்தையில் அதை மேசையில் வைத்துக் கேட்க முடியும்.

இன்று கூட்டம் முடிந்ததும் வெளியே நிற்கும் வண்டிகளின் பில்டர்களையும் பிளக்குகளையும் சேர்ந்து கழற்றிப் பார்க்கப்போகிறோம். சூடு ஆறட்டும், அதுவரை தேநீர் குடிப்போம். பெண் பிள்ளைகளும் முன்னால் வாருங்கள். ஸ்பானர் பிடிக்க ஆண் கைதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.