கொஞ்சத்திலிருந்து கொடுப்பது

(பங்கின் ஜூபிலி ஆண்டுக் குடும்ப தினத்தில் ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)



இளம் தம்பதியருக்குச் சில வார்த்தை சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். குடும்பச் செபத்தைப் பற்றிப் பேசலாம் என்று சிலர் சொன்னார்கள். அதைப் பேச எங்களைவிடத் தகுதியுள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் பணத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கோவில் வரி பாக்கி இருக்கிறதே, விழா வசூல் கேட்பார்களே என்று வாசற்படி அருகிலேயே நின்று திருப்பலி கண்டு, கடைசி ஆசீருக்கு முன்பே போய்விடும் பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்க்கிறோம்.

எங்களுக்கு 1987-ல் திருமணம் நடந்தது. அச்சகத்தில் மாதம் 650 ரூபாய் சம்பளம். வாடகை 150. ஊரிலிருந்த அம்மாவுக்கு மணியார்டர் 100. மூத்த பிள்ளை நோயில் படுத்தபோது சம்பளம் வைத்தியத்துக்கே போயிற்று. மளிகைச் சாமானெல்லாம் பற்றுதான். பற்று 800-ஐத் தாண்டியது. தாலிச் சங்கிலி அடகில், கழுத்தில் மஞ்சள் கயிறு.

அந்தச் சமயத்தில் எங்களில் ஒருவர், பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கு எடுத்து வைத்தால்தான் வீடு விளங்கும் என்றார். மற்றவர், 65 ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு அம்மாவுக்கு எதை அனுப்புவது என்று கேட்டார். யார் எதைச் சொன்னார் என்று இங்கே சொல்லமாட்டோம். நாங்கள் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. வாக்குவாதம் முற்றி, இருவருமாக அப்போதைய பங்குச் சுவாமியாரிடம் போய் நின்றோம்.

அவர் வேதாகமத்தை எடுத்து விளக்கினார். இஸ்ராயேல் மக்களில் லேவியருக்கு நிலம் பங்கிட்டுக் கொடுக்கப்படவில்லை. ஆலயப் பணியே அவர்கள் தொழில். ஆகவே மற்றவர்களின் விளைச்சலில் பத்தில் ஒன்று அவர்களுக்குச் சேர்ந்தது. மூன்றாம் ஆண்டின் பங்கில் அந்நியருக்கும், அநாதைகளுக்கும், கைம்பெண்களுக்கும் இடம் இருந்தது. பசித்தவன் சாப்பிட ஏற்பட்ட ஏற்பாடு அது. பிறகு மாற்கு 7-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குரிய காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை ஆண்டவர் கண்டித்த இடம் அது.

"அம்மாவின் மணியார்டர் முதலில் போகட்டும். கடைக்காரர் பணம் கடைக்காரருடையது, அதை எடுத்து உண்டியலில் போட உங்களுக்கு உரிமையில்லை" என்றார்.

ஒருவருக்கு நிம்மதி, மற்றவருக்கு வருத்தம். ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. தொபித்து ஆகமத்தில், கொஞ்சமே இருந்தால் அந்தக் கொஞ்சத்திலிருந்து கொடுக்க அஞ்சாதே என்று தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்லும் பகுதியைக் காட்டினார். மிஞ்சினால் கொடுப்போம் என்றிருந்தால் என்றைக்கும் மிஞ்சாது என்றார். திருச்சபையும் நம்மிடம் பத்து சதவீதம் என்று கணக்குக் கேட்பதில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 222, திருச்சபையின் தேவைகளுக்கு உதவவும் ஏழைகளுக்குக் கொடுக்கவும் நமக்குக் கடமை உண்டு என்கிறது, தொகை சொல்லவில்லை.

அன்று முதல், உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போயிற்று. கடற்கரை ஊர்களில் பிடிபட்ட மீனில் கோவிலுக்குப் பங்கு வைப்பார்களே, அதைப் போல. அரிசி வின்சென்ட் தே பவுல் சபைக்கு. சம்பள நாளன்று வேறு செலவுக்கு முன் ஐந்து ரூபாய் தனியே எடுத்து வைத்தோம். அந்த ஐந்து ரூபாய்க்காக இருவரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது அப்போதுதான் இருவருக்கும் முழுதாகத் தெரிந்தது.

1990-ல் அச்சகம் மூடப்பட்டது. நான்கு மாதம் வேலையில்லை. ஐந்து ரூபாய் நின்றது. பிடி அரிசி நிற்கவில்லை. சில நாள் அரைப் பிடி. ஒருநாள் இருட்டிய பிறகு, அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல், சபையார் இருவர் ஒரு பை அரிசியோடு வந்தார்கள். வாங்கக் கூச்சப்பட்டோம். "நீங்கள் போட்டதுதானே" என்று அவர்களில் பெரியவர் சிரித்தார்.

மலாக்கி ஆகமத்தின் வாக்குறுதியைச் சீட்டுக் கம்பெனி விளம்பரம்போல் சிலர் பிரசங்கிக்கிறார்கள். எங்களுக்கு வானத்திலிருந்து ஒன்றும் கொட்டவில்லை. சங்கிலியை மீட்க 1992 ஆயிற்று. பத்தில் ஒன்று கொடுக்க முடிந்தது 1999-ல்தான். பிள்ளை பிழைத்தது, கடன் தீர்ந்தது. அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறோம். ஆனால் அந்த ஐந்து ரூபாய்க்கு ஈடாகக் கிடைத்தது என்று கணக்கெழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

ஜூபிலி வசூலுக்கு வீடு வீடாகச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கலியாணமாகி ஐந்து வருடம் ஆகாத வீடுகளில் ரசீதுப் புத்தகத்தை முதலில் எடுக்காதீர்கள். உட்காருங்கள், காப்பி கொடுத்தால் குடியுங்கள், பிள்ளை எப்படியிருக்கிறது, வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். வாடகை பாக்கி என்று தெரிய வந்தால், வேறு யாரிடமும் சொல்லாமல் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லுங்கள்.