பிரேக்கைப் பார்த்த பிறகுதான் வேகம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். சுங்கைப்பட்டாணியில் பட்டறை வைத்துப் பிழைப்பவன். கல்வியின் மேன்மை பற்றிப் பேசுங்கள் என்றார் தலைமையாசிரியர். அதைப் பேச இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், ஐயா, எனக்குத் தெரிந்ததைப் பேசட்டுமா என்று கேட்டேன். பெரிய மனதோடு சம்மதித்தார். ஆகவே இன்று உங்களிடம் ஒரு காடியைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆங்கிலேயர்கள் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் காடி. இரண்டே இருக்கை, துணிக் கூரை, நம் இடுப்பளவு உயரம். பெயர் எம்ஜி மிட்ஜெட்.

எம்ஜி என்றதும் முன்வரிசைத் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். எம்.ஜி.ஆர். இல்லீங்க! மோரிஸ் கராஜஸ் என்ற பெயரின் சுருக்கம் அது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் மோரிஸ் காடிகளை விற்கவும் பழுது பார்க்கவும் இருந்த கடை. 1920களில் அந்தக் கடையின் மேலாளர் சிசில் கிம்பர் என்பவர், விற்பனைக்கு வந்த சாதாரண மோரிஸ் காடிகளை எடுத்து, உடலை மாற்றி, சின்னச் சின்ன திருத்தங்கள் செய்து, ஓட்டுவதற்கு உற்சாகமாக ஆக்கி விற்றார். அப்படிப் பிறந்ததுதான் எம்ஜி. அதாவது முதல் நாளிலிருந்தே அது ஒரு பட்டறையில் மாற்றி அமைத்த காடி. அபிங்டன் என்ற ஊரிலிருந்த அதன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி இன்று சீனாவிடம் இருக்கிறது.

இது துரைமார் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இங்குள்ள பெரியவர்களுக்கு மோரிஸ் மைனர் ஞாபகம் இருக்கும். முட்டை போல் உருண்டையாக, 'புட் புட்' என்று சத்தம் போட்டுக்கொண்டு செம்மண் சாலையில் வரும். டிரஸ்சர் ஐயா வீட்டு வாசலிலோ, பெரிய கிராணி வீட்டுப் பக்கத்திலோ நிற்கும். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் வெளிவந்த காடி. அந்த மோரிஸ் மைனரும் ஸ்போர்ட்ஸ் காடியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! 1958இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற காடி வந்தது. 1961இல் வந்த மிட்ஜெட் அதற்கு இரட்டைப் பிறவி. அந்த ஸ்பிரைட்டின் எஞ்சின் மைனரில் இருந்த அதே 948 சிசி எஞ்சின். ஸ்டியரிங் மைனருடையது. முன்சக்கரத்து அமைப்பு ஆஸ்டின் ஏ35 என்ற குடும்பக் காடியுடையது. மைனரில் 37 குதிரைத்திறன், ஸ்பிரைட்டில் 43. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு, வால்வுகளுக்குக் கொஞ்சம் உறுதியான ஸ்பிரிங், மேலே எடை குறைந்த உடல். வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவுதான். ஊருக்குப் போய் வந்தவர்கள் அம்பாசடரில் ஏறியிருப்பீர்கள். அதில் பல வருடம் ஓடிய 1489 சிசி எஞ்சினும், எம்ஜிஏ என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காடியில் 1955இல் வைத்த எஞ்சினும் ஒரே குடும்பம்.

இப்போது மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கவனியுங்கள்.

மிட்ஜெட் எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. அந்தக் கதவுக்கு வால்வு என்று பெயர். மொத்தம் எத்தனை? எட்டு. சரி. ஒவ்வொரு வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் 12 பங்கு. எழுதுகிற தாள் மூன்றை அடுக்கினால் எவ்வளவு கனமோ அவ்வளவு. இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக மூடாது, நெருப்புப் பட்டு எரிந்து போகும். கூடினால் 'டக் டக்' என்று தையல் மிஷின் மாதிரி சத்தம் வரும், இழுவை குறையும்.

வால்வு முழுதாக மூடியிருக்கும்போதுதான் இதை அளக்க முடியும். எது முழுதாக மூடியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண் கொடுங்கள். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். எந்த வால்வு முழுதாக அழுந்தித் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவதை அளக்கலாம். ஆறாவது திறந்திருந்தால்? மூன்று! சரியாகச் சொன்ன அந்தத் தங்கச்சிக்கு எல்லோரும் கை தட்டுங்கள். பட்டறைகளில் இதை ஒன்பது விதி என்போம். புத்தகத்தைப் புரட்டாமலேயே இதை வைத்து வேலையை முடிக்கலாம்.

பராமரிப்பு என்பது இம்மாதிரி சின்ன வேலைகளை நாள் தவறாமல் செய்வது. கார்புரேட்டர் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். திறந்து மெல்லிய எண்ணெய் கொஞ்சம் விட வேண்டும். விடாவிட்டால் மிதிக்கும்போது எஞ்சின் திணறும். முன்சக்கரத்து ஊசிகளுக்கு 3,000 மைலுக்குள் கிரீஸ் அடிக்க வேண்டும். மரத்துக்கு உரம் போடாமல் பால் வரவில்லை என்றால் யார் குற்றம்?

பால் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தப் பழைய காடிகளின் பிரேக்குக்குள் இருக்கும் வாஷர்கள் பல, இயற்கை ரப்பரில் செய்தவை. நம் அப்பாவும் பாட்டியும் விடியற்காலையில் விளக்குக் கட்டிக்கொண்டு சீவிய அதே பால்தான் கப்பலேறிப் போய், காடிக்குள் உட்கார்ந்து திரும்பி வந்தது. இயற்கை ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் எண்ணெய் பட்டால் ஊதிப்போய்விடும். ஆகவே பிரேக் டப்பாவில் பிரேக் எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். அந்தப் பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஜெராய் மலையடிவாரத்து மழையில் கேட்க வேண்டுமா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இனி மாற்றியமைப்பதைப் பற்றி. பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது.

1961இல் ஜான் கூப்பர் என்ற பந்தயக் காடி நிபுணர், மினி என்ற குட்டிக் காடியை வேகமாக்கினார். 34 குதிரைத்திறன் 55 ஆயிற்று. அதோடு அவர் முன்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக்கும் வைத்தார். அந்த மினி கூப்பர் குடும்பம் 1964இல் மான்டி கார்லோ ராலியில் வென்று உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டுக் கதையும் உண்டு. 1996இல் நம் புரோட்டோன், லோட்டஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் காடி நிறுவனத்தை வாங்கியது. 2017 வரை அது மலேசியர் கையில் இருந்தது. சத்ரியா ஜிடிஐ வந்ததே, அதில் லோட்டஸ்காரர்கள் எங்கே உழைத்தார்கள்? வளைவில் காடி எப்படித் தரையைப் பிடித்து நிற்கிறது என்பதில்.

வேகம் இரட்டிப்பானால், பிரேக் அழுத்திய பிறகு நிற்கும் தூரம் நான்கு மடங்கு. இதுவும் கணக்குதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் திடுக்கிடும் ஒரு விநாடியிலேயே வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். 90இல் 25 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக்கே வேலை செய்யத் தொடங்கும்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன், வயது பதினேழு, என் பட்டறைக்கு மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தான். அவன் அம்மா கூட்டுப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. "அண்ணே, பிளாக்கைப் பெருசாக்குங்க, சைலன்சரை மாத்துங்க" என்றான். "செய்யலாம் தம்பி. முதல்ல அங்கேருந்து ஓட்டிட்டு வந்து இந்தக் கோட்டுல நிறுத்திக் காட்டு" என்று சொல்லி, தரையில் ஒரு கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி, கால்வாய் ஓரம் வரை போய்த்தான் நின்றான். கழற்றிப் பார்த்தால் பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பு தெரிகிறது. டயர் வழுக்கை. இதை முதலில் மாற்றுவோம், காசு பிறகு கொடு என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூட்டாளிங்க சிரிப்பாங்கண்ணே" என்றான். போய்விட்டான். வேறோர் இடத்தில் அவன் கேட்டதைச் செய்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து சுங்கை லாலாங் போகும் சாலையில், முன்னால் போன லாரி நின்றது. இவனால் நிறுத்த முடியவில்லை. உயிர் தப்பியது. வலது கால் இன்றுவரை சரியாக மடங்கவில்லை. அவன் அம்மா இன்னும் பால் வெட்டுகிறார்.

மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே மாற்றுகிறேன். பழைய காடியில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுகிறேன். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். நம் ஊர் வெயிலுக்கு ரேடியேட்டரில் மின்விசிறி. ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால், எஞ்சின் திறக்கும்போது கடினமான வால்வு சீட். ஆனால் கழற்றிய பழைய சாமானைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்துச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவேன். பிற்காலத்தில் யாராவது பழையபடி பூட்ட நினைத்தால் பூட்டட்டும். சிலர் மிட்ஜெட்டுக்குள் ஜப்பான் எஞ்சினைத் திணிக்கிறார்கள். ஜேபிஜே அனுமதி, பரிசோதனை எல்லாம் முறையாக முடித்தால் சட்டப்படி சரி. என்னைக் கேட்டால், அது மாப்பிள்ளையை மாற்றிவிட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகையையே கொடுப்பது போல.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பையன் மதிப்பெண் குறைந்தால் "நீ ஒர்க்ஷாப்புக்குத்தான் போவே" என்று திட்டுகிறீர்கள். கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துமா? அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். பொருந்துவது போல் தோன்றும். பலமாகத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பின்னம் தெரியாதவன் என் பட்டறையில் ஒரு நாளில் பத்து நட்டைக் கெடுப்பான். கையேடு ஆங்கிலத்தில், ஜேபிஜே பாரம் மலாயில், வாடிக்கையாளர் நம் தமிழில். மூன்றும் வேண்டும். சுங்கைப்பட்டாணியிலேயே தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. 1990களிலேயே குருணில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளை, ஆணோ பெண்ணோ, அங்கே போக ஆசைப்பட்டால் தண்டனையாக அனுப்பாதீர்கள். விசாரித்து, விண்ணப்பப் பாரம் வாங்கி, விவரம் தெரிந்து அனுப்புங்கள். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை என் பட்டறைக்கு வாருங்கள், உட்கார்ந்து நிரப்புவோம்.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். மண்டபத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் ஒரு மிட்ஜெட் நிற்கிறது. 1,275 சிசி. சொந்தக்காரர் அன்போடு இரவல் கொடுத்தார். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். காலையில் ஓட்டி வந்தது, பரிசு கொடுத்து முடிப்பதற்குள் ஆறிவிடும். மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். எட்டு வால்வுக்கு எட்டுப் பிள்ளைகள் வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், உங்கள் அம்மா என்னைத் திட்டுவார்.