பூட்டுக்கு உள்ளே நிற்பவன்



முன்பெல்லாம் சம்பள நாளில் தோட்ட ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்று, கிராணியார் எண்ணிக் கொடுத்த பணத்தை வாங்கி வந்தோம். இன்று குளுவாங், லாயாங்-லாயாங், கூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் சம்பளம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. பிள்ளைகள் பாடம் படிக்கும் அதே மடிக்கணினியில்தான் நாம் மின்சாரக் கட்டணம் செலுத்துகிறோம். சேமநிதிக் கணக்கையும் பார்க்கிறோம். அந்தக் கணினிக்குள் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் குரோம், எட்ஜ் போன்றவற்றுக்கு உலாவி என்று பெயர். உலாவியில் சிறு கருவிகளை நாமே ஒட்டிக்கொள்ளலாம். விளம்பரத்தை மறைக்க ஒன்று, மொழிபெயர்க்க ஒன்று. இவற்றை நீட்சி, அதாவது எக்ஸ்டென்ஷன் என்பார்கள். பல நல்லவைதாம். ஆனால் நிறுவும்போது, நாம் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ள நம் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் சில நீட்சிகள் அனுமதி கேட்கும். பிள்ளைகள் படிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிடுகிறார்கள். நாமும் அப்படித்தான்.

'மாற்றவும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பால் லாரியைப் பூட்டி முத்திரை வைத்து அனுப்பினால் வழியில் யாரும் தொட முடியாது. ஆனால் ஆலையில் மூடியைத் திறந்த பிறகு, பக்கத்தில் நிற்பவன் தண்ணீரை ஊற்றினால் முத்திரை என்ன செய்யும்? வங்கியின் பக்கமும் பூட்டோடுதான் வருகிறது. நம் கணினியில் அது திறந்த பிறகுதான் நீட்சி கை வைக்கிறது. நாம் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கலாம். பணம் போக வேண்டிய கணக்கு எண்ணை மாற்றலாம். அடையாள அட்டை எண்ணைக் கேட்டு ஒரு பொய்ப் பெட்டியைச் சேர்க்கலாம். மேலே உள்ள முகவரியோ வங்கியின் சரியான முகவரியாகவே இருக்கும். தன் பக்கத்தைக் காக்க வங்கி எத்தனை வேலி போட்டாலும், நாமே அனுமதி கொடுத்து உள்ளே விட்டவனை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது.

நல்ல நீட்சியும் கெட்டுப்போகும். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சியை இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். 2020 ஜூன் மாதம் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று பயனர்களுக்குத் தெரியாது. தீய நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. தோட்டத் துண்டாடல் காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இரவோடிரவாகத் தோட்டம் கைமாறும். லயத்தில் இருப்பவர்களுக்கு முதலாளி யாரென்றே தெரியாது. அந்த அவலத்தைக் கண்டுதான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நீட்சி வைத்திருப்பவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது!

விற்காமலும் களவு போகும். 2024 டிசம்பரில் 'சைபர்ஹேவன்' நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலை நம்பி ஏமாந்தார். கிறிஸ்துமஸ் நாளில் கள்ள நீட்சி, தானாகவே புதுப்பிக்கும் வழியாகப் பயனர்களின் கணினிக்குள் போனது. அந்த நிறுவனத்தின் தொழிலே தரவுப் பாதுகாப்புதான்.

இன்று மாலையே பிள்ளைகளோடு உட்கார்ந்து உலாவியின் நீட்சிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எதற்கென்று தெரியாததை நீக்கிவிடுங்கள். குரோமில் வங்கி வேலைக்கு மறைநிலைச் சாளரத்தைத் திறந்தால், நாம் தனியாக அனுமதிக்காத நீட்சிகள் அதில் இயங்கா. 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி எண்ணைவிட உறுதியான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. அதனால் இப்போது வங்கிச் செயலி கைப்பேசியில் உறுதி கேட்கிறது. அது வேறு வழியாக வருவது. கணினியில் உள்ள நீட்சிக்கு எட்டாது. அதில் காணும் தொகையும் பெறுபவரும் நாம் தட்டியதோடு ஒத்துப்போகாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டதென்றால் உடனே வங்கியையோ 997 எண்ணையோ அழையுங்கள். கடவுச்சொல்லை அதே மடிக்கணினியில் மாற்ற வேண்டாம். புதியதையும் அது படித்துவிடும். கைப்பேசியில் மாற்றுங்கள்.