புராஸ்டேட் ரண சிகிச்சைக்குப் பின் ஒரு தீர்மானம்

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு, ரண சிகிச்சையினால் அந்தச் சுரப்பியை அடியோடு அகற்றிக்கொண்டு, சிறுநீர்க் குழாயும் கழற்றப்பட்டு, ஒருவாறு நடமாடத் தொடங்கியிருக்கிற ஒருவரிடம் டாக்டர் ஓர் அறிக்கையைக் காட்டி, இனிக் கதிர்வீச்சும் வேண்டுமா என்று யோசிக்கலாம் என்று சொல்லும்போது, அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் உண்டாகிற கலக்கம் சாமானியமானதன்று. வெட்டி எடுத்தாயிற்று என்று ஆறுதல் அடைந்திருந்த மனம் மறுபடியும் நடுங்குகிறது. "கரண்டு வைத்துவிட்டால் நிம்மதி" என்று வீட்டார் அன்றே நாள் குறிக்கத் துடிக்கிறார்கள். அந்தத் துடிப்பைச் சற்றே அடக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வதே என் நோக்கம்.

அந்த அறிக்கை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். அகற்றப்பட்ட சுரப்பியின் மேற்பரப்பு முழுவதிலும் மை பூசி, அதை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, புற்றணுக்கள் அந்த மையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று நிபுணர் ஆராய்கிறார். தொட்டிருந்தால், வெட்டு விளிம்பில் நோய் உண்டு என்று எழுதுகிறார். உடம்பினுள் சில அணுக்கள் தங்கியிருக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்கு அது இடம் தருகிறதேயன்றி, தங்கிவிட்டன என்று நிச்சயம் செய்வதில்லை. நோய் சுரப்பியின் உறையைத் தாண்டியதா, விந்துப்பைகளை எட்டியதா, அணுக்களின் உக்கிரம் எவ்வளவு என்பவையும் அந்தச் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

இதைவிட நல்ல சாட்சி ரத்தத்தில் இருக்கிறது. பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தைப் பெரும்பாலும் புராஸ்டேட் அணுக்களே உண்டாக்குவதால், சுரப்பி போன ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அது ஒரு மில்லி லிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்காமலே நின்றால் அது வேறு விஷயம். டாக்டர் அப்போது தாமதிக்க மாட்டார். இறங்கியவருக்குத்தான் இந்தக் கேள்வி: இப்போதே கதிர்வீச்சா, எண்ணிக்கை ஏறினால் அப்போதா?

பல்லாண்டுகளாக "இப்போதே" என்பதுதான் பலரின் அபிப்பிராயமாக இருந்தது. பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து ஆகிய தேசங்களில் 1,396 பேரைச் சேர்த்துக்கொண்டு நடந்த 'ராடிகல்ஸ்' என்ற ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளிவந்தபோது அந்த அபிப்பிராயம் அசைந்தது. ஐந்தாண்டுகளின் முடிவில், நோய் மேலும் முன்னேறியதாக ரத்தம் காட்டாதவர்கள், உடனே கதிர்வீச்சுப் பெற்றோரில் நூற்றுக்கு 85. கண்காணிப்பில் வைக்கப்பட்டு, ஏறினால் மட்டும் பெறுவதென்று விடப்பட்டோரில் 88. கண்காணிப்பில் இருந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே அதுவரை கதிர்வீச்சு தேவைப்பட்டிருந்தது. மற்றவர்கள் அந்தச் சிரமத்தை அறியவேயில்லை. ரணம் ஆறி, சிறுநீர்க் கசிவு மெல்லக் கட்டுப்பட்டு, நாளொன்றுக்கு மாற்றும் பஞ்சுப் பட்டைகள் குறைந்து வருகிற வேளையில் அதே இடத்தில் கதிர் பாய்ச்சினால், கசிவு மிகுவதும் சிறுநீர்ப் பாதை சுருங்குவதும் உண்டென்பதையும் அந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று.

ஆயினும், உக்கிரமான அணுக்களும் விந்துப்பைப் பரவலும் ஒருங்கே சேர்ந்தவர்கள் அதில் சிலரே. அத்தகையோருக்கு உடனடிச் சிகிச்சையை டாக்டர் வற்புறுத்தினால் அதற்கு நியாயம் உண்டு. காத்திருப்பவரும் அசட்டையாக இருக்கலாகாது. சொன்ன தவணை தவறாமல், கூடுமானவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுத்து, எண்ணைத் தேதியுடன் நோட்டில் குறித்துவர வேண்டும். 0.2-ஐ எட்டி, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால் நோய் திரும்பிற்று என்று கொள்வது வழக்கம், 0.5-க்கு ஏறும்வரை விடாமல் அப்போதே கதிர்வீச்சைத் தொடங்குவதுதான் பலன் தரும். ஹார்மோன் ஊசியும் சேர்க்கலாமா என்ற ஆலோசனையும் அப்போது எழும்.

இன்னொன்றையும் மனப்பூர்வமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் மகன் உள்ளே சென்று டாக்டரிடம் பேச, தகப்பனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வழக்கம் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் கசிவோடு வெளியே நடமாடும் சங்கடமும், தாம்பத்திய வாழ்வில் வந்த குறையும், நோய் திரும்புமோ என்ற அச்சமும் அவருடையவை. இவற்றில் எதை எவ்வளவு தாங்க முடியும் என்று எடை போட வல்லவர் அவர் ஒருவரே. அவரை உள்ளே அழைத்துச் சென்று, டாக்டருக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும்.