கடனும் கரிப் புகையும்

(கல்யாண் கிழக்கில், மாலை வகுப்புக்கு வருபவர்களிடம் பேசியது)

 

இங்கே இருக்கும் பலர் சொந்தமாகச் சின்னத் தொழில் செய்கிறீர்கள். இட்லி அவிக்கிறீர்கள். பூ கட்டுகிறீர்கள். பழைய சாமான் பிரிக்கிறீர்கள். பீஸ் கணக்கில் தைக்கிறீர்கள். இதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பி.எஃப். கிடையாது. இதைத்தான் அமைப்புசாராத் தொழில் என்கிறார்கள். நம் நாட்டில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

பூமி சூடாகிறது என்று டி.வி.யில் சொல்கிறார்கள். அதற்கும் நம் இட்லிக் கொப்பரைக்கும் என்ன சம்பந்தம்? வட்டிக்கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இன்று அதைப் பேசுவோம்.

விறகு, மண்ணெண்ணெய், டீசல், கேஸ், நிலக்கரி. எதை எரித்தாலும் அதில் உள்ள கரி காற்றோடு கலந்து ஒரு வாயு ஆகிறது. அதன் பெயர் கரியமில வாயு. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கும் மேல் இந்த வாயு வருகிறது. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோ எடைகூட இல்லையே, எப்படி என்று கேட்பீர்கள். எரியும்போது காற்றில் உள்ள பிராண வாயுவும் சேர்ந்துகொள்கிறது. அதனால் எடை கூடுகிறது. இந்த வாயு கம்பளி மாதிரி பூமியைப் போர்த்திவிடுகிறது. சூடு வெளியே போவது குறைகிறது.

இப்போது தாராவிக்குப் போவோம். அங்கே நம் ஆட்கள் விடியும் முன்பே இட்லி அவிப்பது உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் விற்பார்கள்.

இட்லி அவிக்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வீட்டுப் பத்திரம் இல்லை. அடமானம் வைக்க ஒன்றும் இல்லை. பேங்கில் கடன் கிடைக்காது. தண்டல்காரரிடம் போகிறார். பத்தாயிரம் கடன். கையில் கொடுப்பது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆக, 100 நாளில் வட்டி 1,000 ரூபாய்.

நோட்டில் இன்னொரு கணக்குப் போடுங்கள். பத்தாயிரம் ரூபாய். வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. மாதத் தவணை. ஒரு வருஷம் முழுக்கக் கட்டினாலும் வட்டி ஏறக்குறைய 660 ரூபாய்தான்!

தினமும் 100 ரூபாய் எடுத்து வைக்கிறவர் அடுப்பை மாற்றுவாரா? அடுப்புக்கும் சிலிண்டருக்கும் மொத்தமாகப் பணம் வேண்டுமே. அதனால் இன்று கிடைத்த பழைய பலகை, உடைந்த பெட்டி இவற்றை எரிக்கிறார். திறந்த அடுப்பில் நூறு பங்கு சூடு வந்தால், பாத்திரத்துக்குப் போவது பத்துப் பதினைந்து பங்குதான். மீதி வீண். கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போகும். கேஸிலும் கரி உண்டு, அது இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விறகின் கரும்புகை அந்த அக்காவின் நெஞ்சுக்குள் போகிறது. அந்தப் புகைக்கரியும் வெயிலை இழுத்துக் காற்றைச் சூடாக்குகிறது.

புகைக்குக் காரணம் அந்த அக்காவின் அறியாமை என்று சிலர் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. கேஸ் நல்லது என்று அவருக்குத் தெரியாதா? கையில் மொத்தப் பணம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, கடன் எளிதாகக் கிடைத்தால் புகை குறைந்துவிடுமா? அதுவும் அப்படியே உண்மை இல்லை. அதே அக்காவுக்குக் கடன் கிடைக்கிறது. கேஸ் அடுப்பு வாங்கினால் புகை குறையும். சைக்கிளை விட்டுவிட்டு பெட்ரோல் வண்டி வாங்கினால் கரி கூடும். ஃபிரிட்ஜ் வாங்கினால் கரண்டு செலவு கூடும். நம் நாட்டுக் கரண்டில் பெரும்பங்கு நிலக்கரியில் வருகிறது.  பேங்கும் கடனும் பெருகினால் வாங்குவதும் பெருகலாம், எரிப்பதும் பெருகலாம்.

அதற்காக ஏழைக்குக் கடன் வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. ஒரு வருஷத்தில் ஒரு இந்தியருக்குச் சராசரியாகச் சுமார் 2 டன் கரியமில வாயு. ஒரு அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். முதலில் குறைக்க வேண்டியது யார்?

இன்னொன்றும் உண்டு. தாராவியில் 'பதிமூன்றாம் காம்பவுண்டு' என்று ஒரு இடம். மும்பையின் பழைய பிளாஸ்டிக், தகரம், அட்டை எல்லாம் அங்கே வருகிறது. தொட்டுப் பார்த்தே இது எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்லும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். பிரித்து, கழுவி, உடைத்து, உருக்கி, மணி மணியாக்கி விற்கிறார்கள். அது மறுபடி வாளியாக, நாற்காலியாக வருகிறது. அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து புதிதாக எடுக்க 100 பங்கு கரண்டு, எரிபொருள் ஆகும் என்றால், பழைய பாத்திரத்தை உருக்க 5 பங்கு போதும். அவ்வளவு கரி மிச்சம். இந்த உழைப்புக்குக் கணக்கும் இல்லை, விருதும் இல்லை. உருக்கும் இடத்தில் நல்ல காற்றும் இல்லை. புகைபோக்கி வைக்கவும் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத்தான் யாரும் கடன் தர மாட்டேன் என்கிறார்கள்.

நம் கல்யாணிலும் ஆதார்வாடி குப்பை மேடு எத்தனை தடவை எரிந்தது! அங்கே குப்பை கொட்டுவதை 2021இல் நிறுத்தினார்கள். அதற்கு முன் அங்கே பொறுக்கிப் பிரித்தவர்கள் எடுத்த ஒவ்வொரு பாட்டிலும் எரியாமல் தப்பிய பாட்டில்தான்.

நல்ல கடன் எங்கே கிடைக்கும்? சுய உதவிக் குழு இருக்கிறது. மராத்தியில் 'பசத் கட்' என்பார்கள். இந்தக் குழுக்களை பேங்கோடு இணைக்கும் திட்டத்தை 1992இல் நபார்டு தொடங்கியது. சொத்து அடமானம் வேண்டாம். குழுவின் ஒழுங்கான சேமிப்பே ஜாமீன். தெருவில் விற்பவர்களுக்கு 2020இல் 'ஸ்வநிதி' வந்தது. முதல் கடன் அப்போது 10,000 ரூபாய். 2025இல் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000.

அடுப்பு பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் சிவப்பு சிலிண்டரைத் தொழிலுக்கு எரிப்பது சட்டப்படி தப்பு. தொழிலுக்கு 19 கிலோ சிலிண்டர் தனி. அது பெரிய செலவு என்றால் 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயில் அதற்கு 'சோட்டு' என்று பெயர் வைத்திருக்கிறது. வீட்டு முகவரிச் சான்று இல்லாதவர்களும் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். விலை விசாரித்து வாங்குங்கள்.

வரும் வகுப்புக்கு எல்லாரும் ஒரு நோட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் விறகுக்கு எவ்வளவு, தண்டலுக்கு எவ்வளவு என்று தினமும் எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் கோடு போட்டு வாருங்கள். சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். ஸ்வநிதி மனுவையும் அன்று படிக்கலாம்.