நாலுக்கு மூணு ஜெயிக்கணும்!

(பட்டிமன்றத் தலைப்பு: பிள்ளைகளை உயர்த்துவது ஒரு துறைத் தேர்ச்சியா, பல துறைத் தேர்ச்சியா? 'பல துறைத் தேர்ச்சியே' என்ற அணியில் பேசியது.)



எதிரணிச் சகோதரி சொன்னார், ஒரே இடத்தில் நூறடி தோண்டினால் தண்ணீர் வரும், பத்து இடத்தில் பத்துப் பத்தடி தோண்டினால் புழுதிதான் வரும் என்று. நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அம்மா, ஒரு நடை உசிலம்பட்டிப் பக்கம் போய் வாருங்கள். ஒரே இடத்தில் ஐந்நூறு அடி போர் போட்டு, பாறைப்பொடி மட்டும் வந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற சம்சாரியிடம் இந்த உவமையைச் சொல்லிப் பாருங்கள். (சிரிப்பு) அந்த மனுஷனைக் காப்பாற்றுவது எது? தொழுவத்தில் நிற்கிற ரெண்டு கறவை மாடு, நாலு ஆடு, வீட்டம்மா கட்டுகிற மல்லிகைப் பூ. அது பல துறையா இல்லையா?

ஒரு பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறேன். பனிக்கட்டியில் சறுக்குகிற பந்தயம். மதுரைக்காரனுக்குப் பனிக்கட்டி என்றால் ரெண்டு இடம்தான் தெரியும். ஒன்று மீன் மார்க்கெட், இன்னொன்று சர்பத் கடை. (சிரிப்பு) ஆனால் ஹாலந்து தேசத்திலே குளிர்காலத்தில் வாய்க்காலே உறைந்து போகும். நம்ம ஊரில் வைகை காய்ந்தால் கிரிக்கெட் ஆடுகிறோமே, அதுபோல அவர்கள் வாய்க்கால் உறைந்தால் காலில் இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

1892-இல் இதற்கென்று ஓர் உலக சங்கம் அமைத்தார்கள். மறுவருஷம், 1893 ஜனவரி 13, 14 தேதிகளில் ஆம்ஸ்டர்டாமில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி. விதியைக் கவனியுங்கள். 500 மீட்டர், 1500, 5000, 10,000 என்று நாலு தூரம். நாலில் மூன்றிலே முதலாவதாக வந்தால்தான் உலகச் சாம்பியன். கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற ஓட்டத்திலும் ஜெயிக்கணும், அதைப்போல் இருபது மடங்கு ஓட்டத்திலும் தாக்குப்பிடிக்கணும். யாப் ஈடன் என்று ஒரு பையன். வயது 19. 500, 1500, 5000 மூன்றையும் அடித்தான். பட்டம் அவனுக்கு. அடுத்த வருஷம் அவனே சைக்கிள் பந்தயத்திலும் உலகச் சாம்பியன். சகோதரி, அவன் பத்து இடத்தில் தோண்டியவன்தான். தண்ணீர் வந்ததா இல்லையா? (கைதட்டல்)

எதிரணியில் உட்கார்ந்திருக்கிற தம்பி ஏதோ குறித்துக்கொள்கிறார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். "ஐயா, 1894-இல் என்ன ஆச்சு?" என்பார். நானே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் யாருக்கும் மூன்று கிடைக்கவில்லை. அதனால் சாம்பியனே இல்லை! 1902, 1903, 1906, 1907 ஆகிய வருஷங்களிலும் இதே கதைதான். ஊரே கூடி, பந்தயம் நடந்து, கடைசியில் மாலையைப் போட ஆள் இல்லை.

அதே 1907-இல் இங்கே, சென்னை விக்டோரியா மண்டபத்தில், கோட்டாற்றுப் பெரும்புலவர் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்துகாட்டினார். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கருத்தைச் செலுத்திப் பதில் சொல்கிற கலை அது. அங்கே நாலில் மூணுக்கு ஆள் இல்லை. இங்கே நூறுக்கு ஒருவர் இருந்தார். (பலத்த கைதட்டல்) நான் தமிழ் வாத்தியார், இதைச் சொல்லாமல் போனால் வீட்டில் சோறு கிடைக்காது.

சரி, சாம்பியன் கிடைக்கவில்லை என்று அவர்கள் போட்டியை நிறுத்தினார்களா? இல்லை. 1908-இல் கணக்கை மாற்றினார்கள். ஒவ்வொரு தூரத்திலும் எத்தனையாவதாக வந்தாய் என்று புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் மூன்றாவது, இன்னொன்றில் இரண்டாவது என்று வந்தவனுக்கும் மரியாதை வந்தது. அலங்காநல்லூர் வாடிவாசலில் ஒரு மாட்டை விட்டுவிட்டாய், வீட்டுக்குப் போ என்றா சொல்கிறோம்? மொத்தம் எத்தனை பிடித்தாய் என்றுதானே எண்ணுகிறோம்?

குற்றம் பிள்ளையிடம் இல்லை ஐயா, நாம் போடுகிற கணக்கில் இருக்கிறது. எல்லாம் கற்றுக்கொள் என்பது வேறு, எல்லாவற்றிலும் முதலாவதாக வா என்பது வேறு. ரெண்டாவதற்குப் பேர் பல துறைத் தேர்ச்சி இல்லை, பெற்றவனுடைய பேராசை. அந்தப் பேராசைக்காரர்களில் ஒருவன் உங்கள் முன்னால் நிற்கிறான்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது சக்கர ஸ்கேட்டிங் பழகினாள். நமக்குப் பனி இல்லை, சக்கரம்தான். சனி ஞாயிறு விடியற்காலையில் என் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போவாள். ஒரு போட்டியில் நாலாவதாக வந்தாள். வீட்டுக்கு ஓடிவந்து, "அப்பா, நாலாவது!" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாலாவதா வர்றதுக்கு எதுக்கும்மா இவ்வளவு செலவு? அடுத்த வருஷம் ஒன்பதாவது. டியூஷன் சேர்த்துடுறேன்." அவள் ஒன்றும் பேசவில்லை. ஷூவைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, அவளே பரணில் ஏற்றினாள். மேடை மேடையாகப் பேசுகிற எனக்கு அந்த மௌனத்தை எதிர்த்துப் பேச இன்றுவரை ஒரு பாயிண்ட் கிடைக்கவில்லை.

நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளை ஆனந்த்குமார் வேல்குமாரைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2021-இல் கொலம்பியாவில் நடந்த உலகப் போட்டியில், இளையோர் பிரிவில், 15 கிலோமீட்டர் எலிமினேஷன் பந்தயம். கடைசியில் வருகிறவர்களைக் கழித்துக்கொண்டே போவார்கள், நம்ம வீட்டுக் கடைக்குட்டிக்கு முறுக்கு கிடைக்காத மாதிரி. (சிரிப்பு) அதில் வெள்ளி வாங்கினார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய நால்வரில் ஒருவர். 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டில் 1000 மீட்டரில் வெண்கலம். செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் உலகப் போட்டி. 500 மீட்டரில் 43 விநாடி சொச்சம், வெண்கலம். 1000 மீட்டரில் 1 நிமிஷம் 24.924 விநாடி, தங்கம்! அதோடு நிற்கவில்லை. அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தான், அதிலும் தங்கம்!

"அது ஒரே விளையாட்டுதானே?" என்பார் சகோதரி. ஆம்ஸ்டர்டாமில் சின்னதற்கும் பெரியதற்கும் இருபது மடங்கு. இங்கே கணக்குப் போடுங்கள், 84 மடங்கு! ஒன்றுக்கு வெடி மாதிரிப் பாயணும், இன்னொன்றுக்குத் தேர் மாதிரி நின்று போகணும். வெடியும் தேரும் ஒரே துறையா அம்மா? அந்தப் பையனை ஆரம்பத்திலேயே, "தம்பி, உனக்கு நீண்ட தூரம்தான் வரும், மற்றதை விடு" என்று ஒரு அப்பா, என்னை மாதிரி ஒரு அப்பா, நிறுத்தியிருந்தால்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா.

அந்த 1000 மீட்டர் தங்கச் செய்தி வந்த அன்று சென்னையில் வேலை பார்க்கிற என் மகளிடமிருந்து போனில் ரெண்டே வார்த்தை வந்தது. "அப்பா, பார்த்தீங்களா?" ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் ஏணி போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினேன். தோல் வெடித்திருந்தது, சக்கரம் சுற்றியது. கொரியரில் அனுப்பிவிட்டு, "காலுக்குச் சேருதா?" என்று மட்டும் கேட்டேன்.

"விரல் கொஞ்சம் இடிக்குதுப்பா, பரவாயில்லை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுகிறாளாம். எத்தனையாவதாக வருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டார்.